நகலும் நம்பிக்கையும்

கணினியோடு பழகும் நம் எல்லோரிடமும் சில கருத்துகள் கைவசம் உண்டு. காசு கொடுத்து முறையாக வாங்கிய மென்பொருளால் வம்பு வராது. திருட்டுப் பிரதியில்தான் வைரஸ் இருக்கும். தெரிந்தவர் பெயரில் வந்த மடலைத் தயங்காமல் திறக்கலாம். மூலநிரலை ஊரறியத் திறந்து வைத்திருக்கும் மென்பொருளை யாராவது படித்துப் பார்த்திருப்பார்கள், ஆகவே அஞ்ச வேண்டியதில்லை. இவற்றைப் பழமொழிகளைப் போல ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறோம். முதலில் யார் சொன்னது, எந்தச் சந்தர்ப்பத்தில் சொன்னது என்று எவரும் கேட்பதில்லை. ஆனால் இக்கருத்துகளை உரசிப் பார்க்க ஆண்டும் ஊரும் பெயரும் கொண்ட நிகழ்ச்சிகள் பல இருக்கின்றன. அவற்றை வரிசைப்படுத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அந்நிகழ்ச்சிகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே ஓர் உண்மை கிடக்கிறது. எண்களாக மாற்றப்பட்ட எதையும் நகலெடுக்க ஏறத்தாழச் செலவே இல்லை. ஏட்டுச்சுவடிக் காலத்தில் ஒரு நூலைப் படியெடுப்பது நாட்கணக்கான உழைப்பு. படியெடுத்தவர் தம் பெயரையும் எழுதி முடித்த நாளையும் சுவடியின் இறுதியில் குறித்து வைப்பதுண்டு. இன்னார் கைபட்ட படி என்று தெரிந்ததனால் அதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதும் ஓரளவு தெரிந்தது. கணினிப் பிரதிக்குக் கையெழுத்து கிடையாது. மூலமும் நகலும் அச்சு அசலாக ஒன்றே. செலவு மறைந்தபோது, யாருடையது என்ற அடையாளமும் சேர்ந்தே மறைந்தது. திருட்டுப் பிரதி, குப்பை மடல், வைரஸ் ஆகிய மூன்றும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

காகித நாடாவில் தொடங்கிய வழக்கு

1975 ஜனவரி மாதப் பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ் இதழின் அட்டையில் ஆல்டேர் 8800 என்ற கணினியின் படம் வந்தது. அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்து அல்புகர்க்கி நகரில் இருந்த மிட்ஸ் என்னும் சிறு நிறுவனம் பாகம் பாகமாக விற்ற பெட்டி அது. வாங்கியவரே பற்றவைத்துப் பூட்டிக்கொள்ள வேண்டும். திரை இல்லை, விசைப்பலகை இல்லை. முன்பக்கத்தில் வரிசையாகச் சுவிட்சுகளும் சிறு விளக்குகளும் மட்டுமே. அந்தப் பெட்டிக்குப் பேசிக் என்னும் நிரல்மொழியைப் புரிய வைக்கும் மென்பொருளைப் பில் கேட்ஸும் பால் ஆலனும் எழுதினார்கள். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் முதல் சரக்கு அதுதான்.

மிட்ஸ் நிறுவனம் அதற்கு வைத்த விலையில் ஒரு சூட்சுமம் இருந்தது. நினைவகப் பலகையையும் சேர்த்து வாங்குவோருக்கு 8கே பேசிக் 75 டாலர். மென்பொருளை மட்டும் கேட்டால் 500 டாலர். அந்த நினைவகப் பலகைகளோ அடிக்கடி பழுதாகின்றன என்று பேரெடுத்தவை. நல்ல பலகையை வேறிடத்தில் வாங்கிக்கொண்டவர்களுக்குப் பேசிக் எட்டாக் கனியாகிவிட்டது.

இதே 1975 மார்ச் 5ஆம் நாள், கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில் ஒரு வீட்டு கார் கொட்டகையில் ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப் கூடத் தொடங்கியிருந்தது. எவரும் எவரிடமும் எதையும் மறைக்காத கூட்டம் அது. சுற்றுப்படம், நிரல், உதிரிப் பாகம் எல்லாம் கைமாறும். அந்த ஆண்டு ஜூன் மாதம் மிட்ஸ் நிறுவனத்தார் பாலோ ஆல்டோ நகர விடுதியொன்றில் ஆல்டேரைக் காட்சிக்கு வைத்தபோது, பேசிக் துளையிடப்பட்டிருந்த காகித நாடா ஒன்று காணாமற்போயிற்று. சில வாரங்களில் கிளப் கூட்டத்தில் அதன் நகல்கள் பெட்டியில் வந்து இறங்கின. எடுத்துக்கொள்ளலாம், ஆனால் ஒன்று எடுத்தவர் அடுத்த முறை இரண்டாகத் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்பதே நிபந்தனை. விதைநெல் கடன் போன்ற இந்த ஏற்பாட்டில், கொடுத்தவருக்கும் எடுத்தவருக்கும் திருட்டு என்ற எண்ணமே எழவில்லை.

1976 பிப்ரவரி 3 தேதியிட்டு, இருபது வயது கேட்ஸ் எழுதிய பகிரங்கக் கடிதம் அந்தக் கிளப்பின் செய்தி மடலிலும் வேறு இதழ்களிலும் வெளிவந்தது. பொழுதுபோக்காகக் கணினி பயில்வோரை விளித்து எழுதியது. ஆல்டேர் வைத்திருப்போரில் பத்தில் ஒருவர்கூடப் பேசிக்கை விலை கொடுத்து வாங்கவில்லை. கிடைத்த தொகையைக் கணக்கிட்டால் தங்கள் உழைப்புக்கு மணிக்கு இரண்டு டாலர்கூடத் தேறவில்லை. செலவிட்ட கணினி நேரத்தின் மதிப்பு 40,000 டாலருக்கு மேல் என்று அவர் குமுறியிருந்தார். பெரும்பாலோர் திருடுகிறீர்கள் என்று நேருக்கு நேர் சொல்லிவிட்டு ஒரு கேள்வியும் கேட்டிருந்தார். மூன்று ஆள்-ஆண்டு உழைப்பைக் கொட்டி, நிரல் எழுதி, பிழை திருத்தி, விளக்கக் குறிப்பும் தயாரித்து, அதை இலவசமாக விநியோகிக்க எந்தப் பொழுதுபோக்காளரால் முடியும்? இக்கட்டுரை முழுவதும் நம்மைத் தொடரப்போகும் கேள்வி இதுதான்.

பதில்கள் உடனே வந்தன. அந்தக் கணினி நேரம் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக் கணினியில் செலவானதாயிற்றே என்று சுட்டிக்காட்டியவர்கள் உண்டு. சொல்லால் அல்லாமல் செயலால் பதில் சொன்னவர்களும் உண்டு. டாம் பிட்மன் என்பவர் டைனி பேசிக் என்ற சிறு வடிவத்தை எழுதி ஐந்து டாலருக்கு விற்றார். லி-சென் வாங் தம் வடிவத்தின் மூலநிரலை இதழிலேயே அச்சிடக் கொடுத்தார். உரிமைகள் அனைத்தும் தமக்கே என்று வழக்கமாக எழுதும் வாசகத்தைத் தலைகீழாக்கித் தவறுகள் அனைத்தும் தமக்கே என்று குறும்பாகக் குறித்தார். டாக்டர் டாப்ஸ் ஜர்னல் இதழாசிரியர் ஜிம் வாரன் 1976 ஜூலையில் எழுதிய கருத்து எளிமையானது: மென்பொருள் இலவசமாகவோ, நகலெடுக்கும் சிரமத்தைவிட விலை கொடுப்பது சுலபம் என்னும் அளவுக்கு மலிவாகவோ இருந்தால், அதை யாரும் திருடமாட்டார்கள்.

வாரன் சொன்னதை இசைத்தட்டு வணிகம் உணர இருபத்தேழு ஆண்டுகள் ஆயின. 1999இல் நாப்ஸ்டர் தோன்றிப் பாட்டுகளை ஊர் ஊராகக் கைமாற்றியது. வழக்குகள் அதை 2001இல் நிறுத்தின. பரிமாற்றம் நிற்கவில்லை, வேறு வழிகளில் தொடர்ந்தது. 2003 ஏப்ரலில் ஆப்பிள் நிறுவனம் பாட்டு ஒன்றுக்கு 99 சென்ட் என்று கடை திறந்தபோது முதல் வாரத்திலேயே பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பாட்டுகள் விற்றன. இலவசமாகக் கிடைப்பதையும் மக்கள் காசு கொடுத்து வாங்குவார்கள், வாங்கும் வழி நேராக இருந்தால்.

இதற்கிடையே சட்டம் தன் வழியில் நடந்தது. இலக்கிய வாசகர்களுக்குச் சுவை தரும் செய்தி ஒன்று இங்கே உண்டு. மென்பொருளை எந்த வகையில் சேர்ப்பது என்ற கேள்விக்குச் சட்டம் கண்ட விடை, அதை இலக்கியத்தோடு சேர்ப்பதாகும். அமெரிக்கா 1980இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியது. இந்தியா 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1984இல் செய்த திருத்தத்தால், இலக்கியப் படைப்பு என்ற சொல்லின் வரையறைக்குள் கணினி நிரலும் வந்தது. நாவலும் சம்பளப் பட்டியல் போடும் நிரலும் நம் சட்டத்தின் கண்ணில் ஒரே இனம். ஆனால் இரண்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. நாவலை நாம் படிக்கிறோம். நிரலை நாம் படிப்பதில்லை. நம் சார்பில் அது இயங்குகிறது. படிக்காத நூலை நம்பி வீட்டுச் சாவியைக் கொடுத்திருக்கிறோம் என்பதே மென்பொருள் நம்பிக்கையின் சாரம்.

அழையாத கடிதம்

நகலெடுக்கச் செலவில்லை என்ற உண்மையைப் பெறுபவர்கள் காகித நாடாவில் கண்டுகொண்டார்கள் என்றால், அனுப்புபவர்கள் அதை 1978இல் கண்டுகொண்டார்கள். அந்த ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் விற்பனைப் பிரிவில் இருந்த கேரி துர்க், இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் வழியே சுமார் நானூறு பேருக்கு ஒரே மடலை அனுப்பினார். தம் நிறுவனத்தின் புதிய கணினிகளைக் கலிஃபோர்னியாவில் இரண்டிடங்களில் காட்டப்போவதாக அழைப்பு. முகவரிகள், ஆர்ப்பாநெட் பயனர்களுக்கென அச்சிட்டு வழங்கிய ஏட்டிலிருந்து எடுத்துத் தட்டச்சு செய்யப்பட்டவை. அத்தனை பெயரையும் முகவரிக் கட்டம் தாங்காமல், மிஞ்சியவை மடலின் உடலுக்குள் வழிந்தன.

ஆர்ப்பாநெட் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் செலவில் நடந்தது. வணிகத்துக்கு அங்கே இடமில்லை. கண்டனம் வந்தது, துர்க் மீண்டும் அனுப்பவில்லை. ஆனால் அந்த ஒரு மடல் பல மில்லியன் டாலர் விற்பனையைக் கொண்டுவந்தது என்று அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். குப்பை மடலின் பொருளாதாரம் முழுவதும் இதில் அடக்கம். அனுப்புபவருக்குச் செலவில்லை, பெறுபவர் ஒவ்வொருவரும் சில கணங்களைச் செலவிடுகிறார், ஆயிரத்தில் ஒருவர் இசைந்தாலும் லாபமே.

ஸ்பாம் என்ற பெயர் பின்னால் வந்தது. அது 1937 முதல் அமெரிக்காவில் விற்கப்பட்டுவரும் டப்பா இறைச்சியின் பெயர். 1970 டிசம்பரில் பிபிசி தொலைக்காட்சியில் மான்டி பைதான் குழுவினர் நடித்த நகைச்சுவைக் காட்சியில், உணவு விடுதிப் பட்டியல் முழுவதிலும் அந்த இறைச்சியே திரும்பத் திரும்ப வந்து மற்ற பேச்சையெல்லாம் அமுக்கிவிடும். அந்தக் காட்சியை ரசித்த கணினிக்காரர்கள் இந்தத் தொல்லைக்கும் அப்பெயரைச் சூட்டினார்கள். தமிழில் எரிதம் என்றும் குப்பை மடல் என்றும் எழுதுகிறோம்.

1994 ஏப்ரல் 12ஆம் நாள், அரிசோனாவில் தொழில் நடத்திய கான்டர், சீகல் என்ற வழக்கறிஞர் தம்பதியர், கிரீன் கார்டு குலுக்கலுக்கு விண்ணப்பம் தயாரித்துத் தருவதாக விளம்பரம் ஒன்றை யூஸ்நெட்டின் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட உரையாடற் குழுக்களில் ஒரே நேரத்தில் இட்டார்கள். பூனை வளர்ப்போர் குழுவிலும் கணித வல்லுநர் குழுவிலும் ஒரே அறிவிப்பு. கோபமடைந்தவர்கள் அனுப்பிய பதில்களின் பளுவில் அவர்களுக்கு இணைப்புக் கொடுத்த நிறுவனத்தின் கணினி படுத்துவிட்டது. தம்பதியர் வருந்தவில்லை, இணையத்தில் பொருளீட்டுவது எப்படி என்று புத்தகம் எழுதினார்கள். 1997இல் டென்னசி மாநிலம் கான்டரின் வழக்கறிஞர் உரிமத்தைப் பறித்தபோது சொல்லப்பட்ட காரணங்களில் இந்த விளம்பரமும் ஒன்று.

இதற்கு மருந்து தேடிய கதை தனிச் சுவையுடையது. 1992இல் சிந்தியா ட்வொர்க், மோனி நவோர் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு யோசனை சொன்னார்கள். மடல் அனுப்புமுன் அனுப்புபவரின் கணினி ஒரு சிறு கணக்கைப் போட்டாக வேண்டும். ஒரு மடலுக்கு அது பொருட்டில்லை. பத்து லட்சம் மடலுக்குச் சுமை. மறைந்துபோன செலவை மீண்டும் கொண்டுவரும் முயற்சி என்று இதைக் கொள்ளலாம். 1997இல் ஆடம் பேக் ஹாஷ்கேஷ் என்ற பெயரில் ஏறத்தாழ இதே வழியை வகுத்தார். மின்னஞ்சலில் அது ஊன்றவில்லை. ஆனால் 2008இல் வெளியான பிட்காயின் அறிக்கை ஹாஷ்கேஷைச் சுட்டித் தன் அடித்தளத்தை அமைத்துக்கொண்டது. குப்பை மடலுக்கு அரைத்த மருந்து கள்ளப் பணம் அச்சிடாமல் இருக்கப் பயன்பட்டது என்பது வரலாற்றின் வேடிக்கை.

நடைமுறையில் பயன்பட்டது வடிகட்டிதான். 2002இல் பால் கிரஹாம் எழுதிய கட்டுரையொன்று, மடலில் வரும் சொற்களின் நிகழ்தகவைக் கொண்டே குப்பையைப் பிரிக்கலாம் என்ற வழியைப் பரவலாக்கியது. முறத்தில் புடைப்பதுபோல, சொல்லின் கனம் பார்த்துப் பிரிப்பது. குப்பை அனுப்புவோரும் சளைக்கவில்லை. வடிகட்டியை ஏமாற்ற, மருந்து விளம்பரத்தின் அடியில் பழைய நாவல்களிலிருந்து சில பத்திகளை வெட்டி ஒட்டினார்கள். பதிப்புரிமை தீர்ந்த பெரும் படைப்புகள் இப்படிக் கோடிக்கணக்கான அஞ்சற்பெட்டிகளில் யாரும் படிக்காமல் குவிந்தன. அமெரிக்கா 2003 டிசம்பரில் குப்பை மடல் தடுப்புச் சட்டம் இயற்றியது. அடுத்த மாதம் டாவோஸ் மாநாட்டில், இரண்டே ஆண்டுகளில் இச்சிக்கல் தீர்ந்துவிடும் என்று ஒருவர் முன்னுரைத்தார். அவர் பில் கேட்ஸ். இன்றும் தீரவில்லை.

தெரிந்தவர் மடலைத் திறக்கலாம் என்ற கருத்துக்கு 2000 மே மாதம் அடி விழுந்தது. பிலிப்பைன்ஸில் எழுதப்பட்ட நிரலொன்று, காதற்கடிதம் என்ற பெயரில், பெறுபவரின் முகவரி ஏட்டில் இருந்த எல்லோருக்கும் அவர் பெயரிலேயே தன்னை அனுப்பிக்கொண்டது. முன்பின் தெரியாதவர் அனுப்பியிருந்தால் பலர் திறந்திருக்கமாட்டார்கள். மேலதிகாரியும் மாமனும் பழைய நண்பனும் அனுப்பியதாக வந்ததால் திறந்தார்கள். நட்பையே வாகனமாக்கிக்கொண்ட நகல் அது. அப்போது பிலிப்பைன்ஸில் அதைத் தண்டிக்கச் சட்டமில்லாததால் வழக்கு கைவிடப்பட்டது.

காவலுக்கு வந்தவன்

திருட்டுப் பிரதியில் வைரஸ் வரும் என்ற கருத்துக்கு மூல ஊர் ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் லாகூரைச் சொல்லலாம். 1986இல் அங்கே பாசித் ஃபாரூக் ஆல்வி, அம்ஜத் ஃபாரூக் ஆல்வி என்ற சகோதரர்கள் எழுதிய பிரெய்ன் என்ற நிரல், ஐபிஎம் வகைக் கணினிகளில் பரவிய முதல் வைரஸாகக் கருதப்படுகிறது. நெகிழ்வட்டின் முதற்பகுதியில் அமர்ந்துகொண்டு, அடுத்துச் செருகப்படும் வட்டுகளுக்கெல்லாம் தன்னை நகலெடுக்கும். அந்த நிரலுக்குள் சகோதரர்களின் பெயர், கடை முகவரி, தொலைபேசி எண் எல்லாம் இருந்தன. மருந்துக்குத் தொடர்பு கொள்ளவும் என்ற குறிப்போடு. ஏட்டின் இறுதியில் எழுதியவர் பெயரைக் குறிக்கும் மரபு எதிர்பாராத இடத்தில் தலைகாட்டியது.

தாங்கள் எழுதிய மருத்துவ மென்பொருளைத் திருடுவோரைக் கண்டறியவே இதைச் செய்தோம் என்பது அவர்கள் விளக்கம். 1988இல் டைம் இதழ் வெளியிட்ட செய்தி வேறொரு பக்கத்தையும் காட்டியது. அமெரிக்க மென்பொருள்களின் மலிவு நகல்களை அக்கடை விற்றதாகவும், வெளிநாட்டார் வாங்கிச் சென்ற நகல்களில் வைரஸ் இருந்ததாகவும் அச்செய்தி கூறியது. தன் பொருளைக் காக்க வைரஸ் எழுதிய கையே பிறர் பொருளை நகலெடுத்து விற்றது. 2011இல், வைரஸ் தோன்றி இருபத்தைந்து ஆண்டுகள் ஆனபோது, ஃபின்லாந்து வல்லுநர் மிக்கோ ஹிப்போனன் நிரலுக்குள் இருந்த அதே முகவரிக்குச் சென்று கதவைத் தட்டினார். சகோதரர்கள் அங்கேயே இணைய இணைப்பு நிறுவனம் நடத்திக்கொண்டிருந்தார்கள்.

அப்படியானால் முறையாக வாங்கியவர் தப்பித்தாரா? 2005 அக்டோபர் 31ஆம் நாள், மார்க் ருசினோவிச் என்னும் வல்லுநர் தம் கணினியில் ஒளிந்திருந்த நிரலொன்றைக் கண்டார். இயங்குதளத்தின் கண்ணிலிருந்தே தன்னை மறைத்துக்கொள்ளும் வகை அது, ரூட்கிட் என்பார்கள். தேடிப்போனதில், அது கடையில் விலை கொடுத்து வாங்கிய சோனி பிஎம்ஜி இசைவட்டிலிருந்து வந்தது என்று தெரிந்தது. வட்டை நகலெடுக்காமல் தடுக்கவென்று ஐம்பதுக்கும் மேற்பட்ட இசைத்தொகுப்புகளில் அது சேர்க்கப்பட்டிருந்தது. அத்தகைய வட்டுகள் இருபது லட்சத்துக்கும் மேல் விற்பனையாகியிருந்தன. நிறுவன அதிகாரி ஒருவர், ரூட்கிட் என்றால் என்னவென்றே பெரும்பாலோருக்குத் தெரியாதபோது அதைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும் என்ற பொருளில் வானொலியில் பேசினார். அதன் மறைப்புத் திரைக்குள் வேறு தீநிரல்களும் பதுங்கத் தொடங்கின. நீக்குவதற்கென்று தந்த கருவி புதிய ஓட்டைகளைத் திறந்தது. நவம்பரில் வட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. அதைவிட வியப்பு, அந்தக் காவல் நிரலைப் பிரித்துப் பார்த்தவர்கள், அதற்குள் பிறர் எழுதிய திறந்த மூலநிரல் துண்டுகள் உரிம நிபந்தனைகளை மீறிச் சேர்க்கப்பட்டிருந்ததைக் கண்டார்கள். திருட்டைத் தடுக்க வந்த நிரலிலேயே திருட்டுச் சரக்கு.

பாட்டைத் திருடிக் கேட்டவர் கணினிக்கு அந்த ரூட்கிட் வரவில்லை. காசு கொடுத்தவர் கணினிக்குத்தான் வந்தது.

2009 ஜூலையில் நடந்ததும் இத்தோடு சேர்த்து எண்ணத்தக்கது. அமேசான் நிறுவனம், கிண்டில் கருவியில் வாங்கப்பட்டிருந்த இரண்டு நூல்களை வாங்கியவர்களின் கருவிகளிலிருந்து தொலைவிலிருந்தே அழித்தது. அமெரிக்காவில் விற்கும் உரிமை இல்லாத ஒருவர் அவற்றைக் கடையில் ஏற்றிவிட்டார் என்பது காரணம். பணம் திருப்பித் தரப்பட்டது. நிறுவனத் தலைவர் மன்னிப்பும் கேட்டார். அழிந்த நூல்கள் ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய விலங்குப் பண்ணையும் 1984உம் என்பதைப் புனைகதையில் எழுதியிருந்தால் மிகை என்று நாமே விமர்சித்திருப்போம். நாம் வாங்கியது நூலையா, அல்லது நூலைப் பார்க்கும் அனுமதியையா என்ற கேள்வி அன்று பொதுமக்கள் முன் வந்தது.

கம்பைலருக்குள் ஒளிந்தது

எஞ்சியிருப்பது நான்காம் கருத்து. மூலநிரல் திறந்திருந்தால் அச்சமில்லை என்பது. இதற்கான மறுப்பு, அந்தக் கருத்து பரவலாவதற்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியதற்காகக் கென் தாம்சனுக்கும் டென்னிஸ் ரிட்சிக்கும் 1983ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது வழங்கப்பட்டது. தாம்சனின் ஏற்புரை 1984 ஆகஸ்டில் அச்சாயிற்று. சில பக்கங்களே கொண்ட அவ்வுரை, நம்பிக்கை குறித்துக் கணினித்துறை எழுதியவற்றில் தலையாயது எனலாம்.

மனிதர் எழுதும் மூலநிரலைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றித் தரும் நிரலுக்குக் கம்பைலர் என்று பெயர். கம்பைலரும் ஒரு நிரலே. அதையும் ஒரு கம்பைலர்தான் மாற்றித் தர வேண்டும். தாம்சன் காட்டிய தந்திரம் இது. கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் நிரல் தன்னிடம் வரும்போது, கம்பைலர் ஓசையின்றி அதில் ஒரு கள்ளக் கதவைச் சேர்த்துவிடும். மூலநிரலில் அது இராது. கம்பைலரைப் படித்தால் கண்டுபிடிக்கலாமே என்பீர்கள். அதற்கும் வழி வைத்தார். தன்னுடைய மூலநிரலே தன்னிடம் வரும்போது, அதையும் அடையாளம் கண்டு, இரண்டு தந்திரங்களையும் புதிய கம்பைலருக்குள் சேர்த்துவிடும். பிறகு கம்பைலரின் மூலநிரலிலிருந்தும் தந்திரத்தை அழித்துவிடலாம். எங்கே படித்தாலும் எல்லாம் தூய்மை. இயங்கும் நிரலில் மட்டும் கள்ளக் கதவு தலைமுறை தலைமுறையாக வாழும். இதன் வேர்க்கருத்தை அமெரிக்க விமானப்படைக்காகச் செய்யப்பட்ட பழைய பாதுகாப்பு ஆய்வொன்றில் கண்டதாகவும் தாம்சன் குறிப்பிட்டார். அவர் எழுதிய அந்தத் தந்திர நிரல் 2023இல் வெளியிடப்பட்டது.

நீங்களே முழுவதும் எழுதாத நிரலை நம்ப முடியாது என்பது அவர் வந்தடைந்த முடிவு. ஆனால் தானே எல்லாவற்றையும் எழுதிக்கொள்ள எவராலும் ஆகாது. ஆகவே அவர் உரையின் உட்பொருள் வேறு: நிரலை நம்புகிறோம் என்று நாம் நினைப்பதெல்லாம், அதை எழுதிய மனிதரை நம்புவதே.

அரை வினாடி

நாற்பது ஆண்டுகள் கழித்து, 2024 மார்ச் இறுதியில், ஆண்ட்ரஸ் ஃபிராயண்ட் என்ற பொறியாளர் தம் கணினியில் ஒரு சிறு உறுத்தலைக் கண்டார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் செயல் வழக்கத்தைவிட அரை வினாடி தாமதமாகிறது. விட்டுவிடாமல் துருவினார். லினக்ஸ் கணினிகளில் எங்கும் பரவியிருக்கும் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளின் 5.6.0, 5.6.1 ஆகிய வெளியீடுகளில் கள்ளக் கதவு இருப்பதை மார்ச் 29ஆம் நாள் உலகுக்கு அறிவித்தார். அது இன்னும் சில மாதங்கள் கண்ணில் படாதிருந்தால், உலகெங்கும் எண்ணற்ற வழங்கிகளின் வாசல் ஒரே சாவிக்குத் திறந்திருக்கும்.

இந்த மென்பொருளின் மூலநிரல் யாவரும் காணத் திறந்திருந்தது. தீநிரலோ, சோதனைக் கோப்புகள் என்ற பெயரில் எவரும் படிக்க இயலாத இருமக் குவியலுக்குள் இருந்தது. அதை உயிர்ப்பிக்கும் வரிகள் பொதுக் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுக்கெனக் கட்டிய பொதியில் மட்டுமே இருந்தன. களஞ்சியத்தை வரி வரியாகப் படித்திருந்தாலும் முழுச் சதியும் புலப்பட்டிராது. தாம்சன் எச்சரித்த இடைவெளி, படிக்கும் நிரலுக்கும் இயங்கும் நிரலுக்கும் இடையிலான இடைவெளி, வேறு வடிவில் திறந்தது.

ஆனால் இதில் நுழைந்த வழி தொழில்நுட்பம் அன்று. பத்தாண்டுகளுக்கும் மேலாக அந்த மென்பொருளைப் பெரும்பாலும் தனியாளாகப் பேணிவந்தவர் லாசே காலின் என்ற ஃபின்லாந்துக்காரர். 2021 முதல் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வந்தார், திருத்தங்கள் அனுப்பினார், பொறுமையாக உழைத்தார். 2022இல் வேறு சில பெயர்களிலிருந்து முறைப்பாடுகள் வரத் தொடங்கின. வெளியீடு ஏன் இவ்வளவு தாமதம், பொறுப்பை வேறொருவரிடம் ஒப்படைக்கலாகாதா என்று. காலின் தம் நிலையை விளக்கினார். இது ஊதியமில்லாத பொழுதுபோக்குப் பணி என்பதை நினைவிற்கொள்ளுமாறு கேட்டுக்கொண்டார். படிப்படியாகப் பொறுப்பு ஜியா டானிடம் சென்றது. அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்த ஆள் யார் என்று இதுவரை வெளிப்படவில்லை. முறைப்பட்ட பெயர்களும் அதே கையின் வேறு முகமூடிகள் என்றே பலரும் கருதுகிறார்கள்.

பொழுதுபோக்கு என்ற சொல்லை நாம் முன்பே சந்தித்திருக்கிறோம். பயனில்லாமல் இவ்வளவு உழைக்க எந்தப் பொழுதுபோக்காளரால் முடியும் என்று 1976இல் கேட்ஸ் கேட்டார். முடியும் என்று வரலாறு பதில் சொல்லிவிட்டது. இன்று நம் வங்கியும் மருத்துவமனையும் தொலைபேசியும் அப்படிப்பட்டவர்களின் உழைப்பின் மேல் ஓடுகின்றன. கேட்ஸ் நிறுவிய மைக்ரோசாஃப்டும் விலக்கன்று. அரை வினாடியைத் துருவிய ஃபிராயண்ட் அங்கே ஊதியம் பெற்றுத் திறந்த மூலநிரல் வேலை செய்பவர். எனினும் அந்த இளைஞரின் கேள்வியில் பாதி இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. முடியும், ஆனால் எவ்வளவு காலம், எத்தனை பேருடைய உதவியோடு என்பதே அந்தப் பாதி.

நான்கு கருத்துகளில் எதுவும் முழுப் பொய்யன்று. விலை, உரிமம், பழகிய பெயர், திறந்த மூலநிரல் ஆகிய ஒவ்வொன்றும் ஓர் அடையாளமே. அடையாளத்தையே ஆளாக எடுத்துக்கொண்டபோதெல்லாம் ஏமாந்திருக்கிறோம். திருக்குறளில் தெரிந்து தெளிதல் என்று ஓர் அதிகாரம் உண்டு. ஆராயாமல் நம்புவதை மட்டுமன்றி, ஆராய்ந்து நம்பியவரை ஓயாமல் ஐயுறுவதையும் அது துன்பம் என்கிறது. இரண்டாவது பாதியை நாம் மறந்துவிடுகிறோம். எதையும் நம்பாதே என்பது அறிவுரை ஆகாது. யார் பேணுகிறார், அவர் தனியாக இருக்கிறாரா, அவருக்குக் கைகொடுப்பார் உண்டா என்று கேட்பதே ஆராய்தல்.

ஏனென்றால், எக்ஸ்இசட் சதியில் எவரும் ஐயுறாதது அந்த முறைப்பாட்டு மடல்களைத்தான். இலவசமாகப் பெற்ற ஒன்றுக்காகப் பொறுமையிழந்து, புதிய வெளியீடு எங்கே என்று கேட்ட மடல்கள் அவை. சதி செய்தவர்கள் அவற்றை எழுத அதிகம் கற்பனை செய்திருக்க வேண்டியதில்லை. பயனர்களாகிய நாம் அன்றாடம் எழுதுவதைப் பார்த்து எழுதினால் போதுமானதாக இருந்திருக்கும்.